மணியும் சொறித்தவளையும்

நேற்று இரவு மழை விட்டதும், கல்லிடைக்குறிச்சி வீட்டு முற்றத்தில் இருந்த சொறித்தவளையை எங்கள் நாய் மணி கவ்விவிட்டான். மறுநொடியே துப்பினான், வாயெல்லாம் நுரை. ஆச்சி பதறவில்லை. "தலையைக் கீழே சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை விட்டுக் கழுவு, உள்ளே போகக் கூடாது" என்றார்கள். கால் மணி நேரம் கழுவினேன். பிழைத்துக்கொண்டான்.

சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் இரண்டு மேடுகள்தாம் நஞ்சுப் பைகள். கடித்தால் பால் போல் கசியும், இதயத்தைத் தாக்கும்.

இதன் பெரியப்பா முறை ஒருவர் அமேசான் பக்கம் இருக்கிறார்: கரும்புத் தேரை. 1935இல் ஹவாயிலிருந்து 102 தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள், கரும்பை அழிக்கும் வண்டுகளைத் தின்னும் என்று நம்பி. வண்டோ கரும்பின் உச்சியில், தேரையோ தரையில்! யோசித்தவர் யாரோ, கரும்புக் காட்டையே பார்த்திராதவர் போலும். தேரைகள் பெருகின. அவற்றைத் தின்ற உடும்புகளும் பாம்புகளும் செத்தன. முட்டை, தலைப்பிரட்டை எல்லாமே நஞ்சு. காகங்களோ தேரையை மல்லாக்கப் புரட்டி வயிற்றுப் பக்கமாகத் தின்னக் கற்றுக்கொண்டன. காகம் எந்த ஊரிலும் காகம்தான்.

இதையெல்லாம் சொன்னால் ஆச்சிக்குக் கவலை வேறு: கொல்லையில் தேங்காய்களைத் தேரை மோந்துவிட்டதாம், உள்ளே பருப்பே இல்லையாம்.

தவளை இன்னும் தண்ணீர்த் தொட்டியடியில்தான் இருக்கிறது. மணி பத்தடி தள்ளி நின்று குரைக்கிறான்.