மில்லுக்குப் போகாத கம்பு

எண்டோஸ்கோப்பி பார்த்து எனக்கு சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய், என்று சொன்ன அன்றைக்கே எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் சப்பாத்திக் கட்டை பரணில் ஏறிவிட்டது. ரவை, மைதா, சேமியா எல்லாம் போச்சு. அந்த இடத்தில் அரிசி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. காலையில் இடியாப்பம், மதியம் சோறு, ராத்திரி இட்லி, நடுவில் பசித்தால் ஜவ்வரிசிக் கஞ்சி. நாலு வருஷம் இப்படி ஓடி, போன தை மாசம் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் மூணு மாசச் சர்க்கரை 7.4.

"கோதுமையையே தொடறதில்ல, உனக்கு எப்படிம்மா சர்க்கரை வரும்?" என்றார் அத்தை. எனக்கும் அதே கேள்விதான்.

கிளைசெமிக் குறியீடு என்பது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்க 1981-ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கணக்கு. குளுக்கோஸ் 100. ஒரு உணவு 55-க்குள் இருந்தால் குறைவு, 70-க்குப் போய்விட்டால் அதிகம். மாவுச்சத்து எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பதுதான் அதில் விஷயம். க்ளூட்டன் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. நாத்தனார் பாண்டியிலிருந்து ஆசையாக வாங்கி வந்த க்ளூட்டன் இல்லாத பிரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு. எல்லாமே சட்டென்று உடைகிற மாவு. விஷயம் விளங்கிவிட்டது.

சரி, கம்புக்கு மாறலாம் என்றால் மில்லில் எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். "ரெண்டு படி அரிசிய ஓட்டிட்டு உங்களதப் போடறேன்க்கா" என்றார் மில்காரர். நல்ல மனுஷன். ஆனாலும் மாவு விழுகிற அந்தத் துணிக்குழாயைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டிலேயே தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்சம் ஊறவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, உமியைப் புடைத்தேன். என் பழைய மிக்ஸிக்கு நைஸாக அரைக்க வக்கில்லை, குருணையாகத்தான் வந்தது. களி மாதிரிக் கிண்டி, உருண்டை பிடித்து, ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகக் குடித்தேன். ரெண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினால் 148. இதே நான் தேங்காய்ப்பாலோடு மூணு இடியாப்பம் சாப்பிட்ட அன்று 221. தானியம் பெரும்பெரும் துண்டாக இருந்தால் வயிற்றில் மெதுவாகத்தான் உடையும். கேழ்வரகு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் கடையில் வாங்கின நைஸ் மாவில் காய்ச்சின கஞ்சி எனக்கு 200-ஐத் தாண்டியது.

பெருங்காயத்தூள் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கோதுமையை விட்ட பிறகும் ரெண்டு மாசம் வயிறு அடங்கவே இல்லை. டப்பாவின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. ரசத்திலிருந்து ஊறுகாய் வரைக்கும் அதுதானே!

இப்போது மாலையில் சுண்டல்தான். கொண்டைக்கடலையும் பட்டாணியும் இந்தக் கணக்கில் நன்றாகக் கீழே இருப்பவை. போன ஞாயிறு சில்வர் பீச்சில் சுண்டல்காரரிடம், "பெருங்காயம் போட்டீங்களா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தவர், "மாங்கா போட்டிருக்கேன், வேணுமா?" என்றார்.