இயற்பியல் ஆய்வகத்து இன்வெர்ட்டர்

ஊட்டியில் மழைக்கு மரம் சாய்ந்து கரண்ட் போனால், நம் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் மட்டும் விளக்கு எரியும். மேசைக்கடியில் லாரி பேட்டரி, பக்கத்தில் இரும்புப் பெட்டி இன்வெர்ட்டர். அதன் ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) குளிர்காயாத மாணவர் நம் காலத்தில் யாரும் இல்லை. அத்தனை சூடும் பேட்டரியின் கணக்கில்தான் போனது.

உள்ளே இருந்தவை 2என்3055 டிரான்சிஸ்டர்கள். 10 ஆம்பியர் ஓட, அதைத் திறக்கும் பேஸ் காலுக்கே 3.3 ஆம்பியர் கேட்கும். கொடுத்தாலும் 3 வோல்ட் வரை தானே விழுங்கும். 12 வோல்ட்டில் கால் பங்கு!

பள்ளிக்குப் புதிதாகச் செய்து தர நினைக்கும் தம்பி தங்கைகள் இனி மாஸ்ஃபெட்தான் (கேட் என்ற காலில் வோல்ட் கொடுத்துத் திறக்கும் டிரான்சிஸ்டர்) போடுவீர்கள். டேட்டா ஷீட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஆம்பியரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐஆர்எஃப்3205 என்ற மாஸ்ஃபெட்டுக்கு 110 என்றிருக்கும். அது உறை 25 டிகிரியிலேயே நின்றால் சிலிக்கான் தாங்கும் கணக்கு. உறையும் கால்களும் தாங்குவது 75தான்.

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். சுருளின் நடுவில் இணைப்பு (டேப்) வைத்த டிரான்ஸ்ஃபார்மரில் இரு பக்கமும் மாறி மாறித் திறந்து அணையும். அப்போது அணைந்திருக்கும் பக்கத்தின் மேல் பேட்டரியைப் போல இருமடங்கு ஏறும். சோலார் சார்ஜில் 14.4 என்றால் 28.8, அதற்கு மேல் சுருளின் கசிவு இண்டக்டன்ஸ் கிளப்பும் ஸ்பைக், அதாவது கண நேர வோல்ட் துள்ளல். ஸ்பைக்கை உறிஞ்சும் ஸ்னப்பர் சுற்று போட்டு அதை அடக்கினால் 55 வோல்ட் தாங்கும் 3205 போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 100 வோல்ட் ஐஆர்எஃப்540என் போட்டால், திறந்த நிலையில் 8 மில்லிஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் 44 வந்து உட்காரும். 200 வாட் லோடில், பேட்டரி 10.5க்கு இறங்கும்போது சுமார் 22 ஆம்பியர் ஓடும். சூடேறினால் 8 என்பது 14 ஆகும். பாதி நேரமே ஓடுவதால் பக்கத்துக்கு 3.4 வாட் சூடாகப் போகும். 540இல் அதுவே 18ஐத் தாண்டும்.

கேட்டுக்கு 10 முதல் 12 வோல்ட் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து வெந்துபோகும். 3205இன் கேட் சார்ஜ் (திறக்க கேட்டில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம்) 146 நானோகூலும். 50 ஹெர்ட்ஸில் அது பொருட்டே இல்லை. ஃபெரைட் கோர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால், கேட்டுக்கு 0.1 ஆம்பியர் மட்டும் தரும் டிரைவர் ஒரு தடவை திறக்கவே 1.5 மைக்ரோ செகண்ட் எடுக்கும். முழுச் சுற்றே 20தான். ஓர் ஆம்பியருக்குக் குறையாத டிரைவர் வையுங்கள். கேட் வயர் நீண்டால் ரிங்கிங் வரும், வோல்ட் துள்ளி அலையும். 20 வோல்ட்டைத் தாண்டினால் கேட் பொத்துப்போகும்.

ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே அள்ளும், ஊர் குளிர்கிறதே என்று ஹீட் சிங்க்கைச் சின்னதாக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் போர்டில் 230 வோல்ட் ஓடும் தடங்களுக்கு இடையிலான இடைவெளியையும் கூட்ட வேண்டும். மூடுபனி படியும், போர்டுக்கு வார்னிஷ் அடியுங்கள்.

போலிச் சரக்கு எங்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, ஒரு நொடி மட்டும் 10 ஆம்பியர் ஓட்டி, மீட்டரை உறையை ஒட்டிய கால்களிலேயே வைத்துப் பாருங்கள். 3205 என்றால் 80 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 150 காட்டினால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.