மகளின் அறைக்கு வண்ணம் பார்த்த நாட்கள்

2024 டிசம்பர் 18, புதன்

மார்கழி பிறந்து இன்றோடு மூன்று நாட்கள். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும் என்ற பேச்சு ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில்தான் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் தொடங்கும். முழு வீட்டுக்கும் இந்த ஆண்டு பணம் ஒதுக்க இயலாது என்பதால், மாடி அறைக்கு மட்டும் வண்ணம் பூசுவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், இதுவரை கீழே ஆச்சியோடு படுத்துவந்தவள், இனி அந்த அறையில் இருக்கப்போகிறாள்.

அறை வடக்கு தெற்காகப் பன்னிரண்டு அடி, கிழக்கு மேற்காகப் பதினோரு அடி, உயரம் பத்து அடி. மேற்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது. வடக்குச் சுவரில் கடப்பைக் கல் பதித்த திறந்த அலமாரியும், அதன் பக்கத்தில் கதவு வைத்த சிறிய அலமாரியும் இருக்கின்றன. தரை, என் மாமனார் 1980களில் வீடு கட்டியபோது போட்ட சிவப்புச் சாந்துத் தரை. எத்தனை ஆண்டுகள் துடைத்துத் துடைத்து அது இந்தப் பளபளப்பை அடைந்தது என்பது எனக்குத் தெரியும். எனவே தரையின் மேல் எதையும் ஒட்டக்கூடாது என்பது மட்டுமே நான் விதித்த ஒரே நிபந்தனை.

என்ன வண்ணம் வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “நாலு சுவரும் கருநீலம்மா” என்றாள். தன் கைப்பேசியில் சேர்த்துவைத்திருந்த அறைகளின் படங்களையும் காட்டினாள். எல்லாமே அழகானவை. ஆனால் அந்த அறைகளில் எல்லாம் தரையிலிருந்து கூரை வரை ஜன்னல்கள் இருந்தன. தரை வெளிர்மரத்தால் ஆனதாக இருந்தது. நான் உடனே மறுக்கவில்லை. பதினான்கு வயதில் நான் தூங்கிய அறையின் வண்ணம் எனக்கு நினைவிலேயே இல்லை, ஏனெனில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்ததால் இன்று பெயிண்ட் கடைக்கு அழைத்துச் சென்றேன். விசிறிபோல் விரியும் வண்ண அட்டையை அவள் கையில் கொடுத்தவுடன் கடையில் அமர்ந்தே ஒரு மணி நேரம் பார்த்தாள். அட்டையில் உள்ள கட்டம் தீப்பெட்டியை விடச் சிறியது. அதே வண்ணம் நூற்றிருபது சதுர அடியில் பரவும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்று கடைக்காரரே எச்சரித்தார். அதனால் அட்டையை நம்பி டப்பா வாங்காமல், இரண்டு நீலங்களையும் மூன்று வெளிர்நிறங்களையும் மாதிரிக்குரிய சின்ன டப்பாக்களில் கலந்து வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அட்டையை வாங்கிப் பார்த்து, ஆங்கிலப் பெயர்கள் எதுவும் வேண்டாமென்று ஒவ்வொன்றுக்கும் புடவைக் கடைப் பெயரைச் சூட்டினார்கள்: மயில்கழுத்து, வெங்காயச் சருகு, சந்தனம், ராமர் பச்சை. மகள் தேர்ந்த கருநீலத்துக்கு அவர்கள் வைத்தது, நீலச் சாயம் தரும் செடியின் பெயரான அவுரி. இனி வீட்டில் அந்த வண்ணத்துக்கு அதுவே பெயராகிவிடும் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 26, வியாழன்

இந்த இரண்டு நாட்களில் நாங்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனெனில் இதைச் செய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் தவறான முடிவையே எடுத்திருப்போம்.

மாதிரி வண்ணங்களை நேரடியாகச் சுவரில் பூசவில்லை. பழைய வண்ணம் அருகில் இருந்தால் புதியதன் நிறம் கண்ணுக்கு மாறித் தெரியும். எனவே இரண்டடிச் சதுர அட்டைகளில் இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்துவைத்தோம். காலை ஏழு மணி, நண்பகல், மாலை நான்கரை, இரவு ஒன்பது என நான்கு வேளைகளிலும் மகள் மாடிக்குச் சென்று, தான் கண்டதை ஒரு நோட்டில் எழுதினாள்.

வெளிர்நிறங்களில்தான் முதல் வியப்பு காத்திருந்தது. கடையில் தூய வெண்மையாகத் தெரிந்த ஒன்று, நேற்று மாலை நான்கரை மணிக்கு ஆச்சி சொன்ன வெங்காயச் சருகு நிறத்தில் நின்றது. ஜன்னல் வழியாக வந்த மேற்கு வெயில் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் தெறிப்பதுதான் காரணம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். தரையின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்தவுடன் சுவரின் இளஞ்சிவப்பு மறைந்தது. போர்வையை எடுத்தவுடன் திரும்பி வந்தது. அந்தப் போர்வையை அவள் நான்கைந்து முறை விரித்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். தரையை மாற்ற முடியாது என்பதால், லேசாகச் சாம்பல் கலந்த, அரிசி மாவின் நிறத்தை ஒத்த வெண்மையைத் தேர்ந்தோம்; அது மாலையிலும் சிவக்கவில்லை.

கருநீல அட்டை இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தது. ஜன்னல் இருக்கும் மேற்குச் சுவரில் வைத்தபோது அது நீலமாகவே தெரியவில்லை, கருப்பாகத் தெரிந்தது. வெளிச்சம் வரும் சுவரின் மேல் வெளிச்சம் விழுவதில்லை. அதோடு, பக்கத்தில் ஜன்னலின் பிரகாசம் இருக்கும்போது கண் சுருங்கி, இருண்ட பகுதி மேலும் இருண்டு தெரிகிறது. அதே அட்டையை எதிரே உள்ள கிழக்குச் சுவரில் வைத்தபோது, அவள் விரும்பிய நீலம் முழுதாக வெளிப்பட்டது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பித் தரும் என்றால், இத்தகைய கருநீலம் பத்து விழுக்காட்டைக்கூடத் தராது. ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் நான்கு சுவர்களும் அப்படி இருந்தால் பகலிலும் விளக்கெரிக்க வேண்டியிருக்கும்.

இதை நான் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், “கிழக்குச் சுவர் மட்டும் அவுரி, மற்றவை மாவு வெள்ளை” என்று அவளே எழுதியிருந்தாள்.

டிசம்பர் 27, வெள்ளி

விளக்கையும் மாற்றினோம். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள்; எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும். அறையில் இருந்த 6500 கெல்வின் குழல்விளக்கு மாவு வெள்ளையை மருத்துவமனைச் சுவர்போல ஆக்கியது. படிக்கும் மேசைக்கு 4000 கெல்வின் விளக்கும், கட்டில் பக்கத்துக்கு மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்பும் வாங்கியாகிவிட்டது.

டிசம்பர் 29, ஞாயிறு

பெயிண்டர் அண்ணாச்சி நேற்று மாலை வந்து பார்த்தார். மேற்குச் சுவரின் மேல்மூலையில் கையை வைத்தவர் உடனே எடுக்கவில்லை. இம்மாத நடுவில் பெய்த பெருமழைக்குப் பிறகு அங்கே உப்புப் பூத்திருப்பதை நானும் பார்த்திருந்தேன், ஆனால் சுவரைச் சமன்செய்யப் பூசும் புட்டி வைத்தால் மறைந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அவர் ஒரு கண்ணாடித்தாளை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக்கி ஒட்டிவிட்டுப் போனார். இன்று காலை தாளின் உட்பக்கம் முழுவதும் சிறுசிறு நீர்த்துளிகள் கோத்திருந்தன. சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது.

மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் முடி அளவு விரிசல் ஓடுகிறது. நீர் அவ்வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த வேறொருவர் இதே ஈரத்தின் மேல் புட்டி வைத்துப் பூசிவிட்டுச் சென்றதால்தான், அடுத்த மழைக்கே சுவர் அப்பளம்போலப் பொங்கியது. அப்போது காரணம் விளங்காமல் பெயிண்டைக் குறை கூறினோம். “ஈரத்த உள்ள வச்சுப் பூசுனா துட்டுதான் வீண், அக்கா” என்று அண்ணாச்சி சொன்னதை இம்முறை நான் மறுக்கவில்லை. விரிசலை வெயில் காலத்துக்குள் அடைத்துவிட்டு, மேற்குச் சுவரைச் சுரண்டி அப்படியே உலரவிட்டு, மே மாத விடுமுறையில் பூசிக்கொள்வது என்று தீர்மானித்தோம். பொங்கலுக்குள் அறை முழுமையாகாது என்பதில் மகளுக்கு வருத்தம்தான்.

டிசம்பர் 31, செவ்வாய்

ஜன்னல் கம்பிகளிலும் கதவிலும் உள்ள பச்சை எனாமல் வீடு கட்டியபோது பூசியது. அதைக் காய்ந்த எமரித்தாளால் தேய்க்கத் தொடங்கிய உதவியாளரை நான் நிறுத்தச் சொன்னேன். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள் போன்ற அழுத்தமான நிறங்களில், ஈயம் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. அந்தத் தூசி தரையில் படிந்து, கையில் ஒட்டி, வாய்க்குள் போனால் வளரும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. அண்ணாச்சி என் பேச்சைத் தட்டவில்லை. வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, மேலோட்டமாக மட்டும் தேய்த்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வழிந்த சேற்றைப் பழைய துணியால் ஒற்றியெடுத்து முடித்தார்கள். அந்தத் துணிகளை உதறாமல் பையில் கட்டிப் போட்டோம். மகளையும் பக்கத்து வீட்டுச் சிறுவனையும் நான் நாள் முழுவதும் மாடிப்பக்கம் விடவில்லை.

இதை எழுதும்போது, அவள் தவழ்ந்த காலத்தில் இதே கம்பிகளைப் பிடித்து நின்றது நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு இது தெரியாது.

2025 ஜனவரி 4, சனி

மேற்கைத் தவிர மற்ற மூன்று சுவர்களுக்கும் புட்டி இரண்டு கை (அதாவது இரண்டு முறைப் பூச்சு), தேய்ப்பு, பிரைமர் என்ற அடிப்பூச்சு ஆகியவை முடிந்தன. கிழக்குச் சுவருக்கு மட்டும் பிரைமரில் சிறிது சாம்பல் நிறம் கலந்தார்கள். வெள்ளைப் பிரைமரின் மேல் கருநீலம் எளிதில் மூடாதாம்.

ஜனவரி 8, புதன்

அவுரி நீலத்தின் முதல் கை நேற்று. மாலையில் பள்ளியிலிருந்து வந்தவள் புத்தகப் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினாள், ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் மேகம் மேகமாக, ரோலர் போன தடமெல்லாம் தெரிய, துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடைபோல இருந்தது. தான் தவறாகத் தேர்ந்துவிட்டதாகவும், இவ்வளவு செலவும் தன்னால்தான் என்றும் அவள் மெல்லிய குரலில் சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அடர்ந்த வண்ணங்கள் மூன்றாவது கையில்தான் நிறைவு பெறும் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்ததை நினைவூட்டினேன். அவள் நம்பவில்லை.

இன்று மூன்றாவது கையும் காய்ந்த பிறகு இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். தடங்கள் ஒன்றுகூட இல்லை. மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு அந்தச் சுவரில் விழுந்திருந்தது; வெயில் பட்ட இடம் மயில்கழுத்தாகவும், நிழல் பட்ட இடம் அவுரியாகவும் இருந்தன. அவள் சுவரைத் தொடப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பளபளப்பில்லாத மேட் பூச்சு என்பதால் கை பட்டால் தடம் விழும் என்பது அவளுக்குத் தெரியும். புட்டியின் ஏற்ற இறக்கங்களை மறைக்கவே அந்தப் பூச்சைத் தேர்ந்தோம். தலையெண்ணெய் படக்கூடிய தெற்குச் சுவருக்கு மட்டும் துடைக்கத்தக்க பூச்சு.

ஜனவரி 11, சனி

பெயிண்ட் வாடை முழுதாக அடங்கும்வரை அவள் கீழே ஆச்சியோடுதான் படுக்கிறாள். பொருட்களை எங்கெங்கே வைப்பது என்பது இன்று முடிவாயிற்று. வடக்கே தலைவைக்கக் கூடாது என்பதில் ஆச்சி உறுதியாக இருந்ததால் கட்டிலின் தலைமாடு தெற்கே. மேசை வடக்குச் சுவரோரம். வலது கையால் எழுதுபவளுக்கு ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் தாளின் மேல் கைநிழல் விழாது.

சீரியல் விளக்குகள், பிளாஸ்டிக் கொடிகள், கொரிய இசைக்குழுவின் படங்கள் என்று அவளிடம் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. கருநீலச் சுவரில் ஆணி அடித்துப் பிடுங்கினால் ஒட்டுப்பூச்சு தனியாகத் தெரியும் என்பதால், படங்களுக்கு மேசைக்கு மேலே ஒரு சாஃப்ட் போர்டு வைத்துக்கொடுத்தோம். அதில் எதை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், நான் கேட்கமாட்டேன். பிளாஸ்டிக் கொடிகளை மட்டும் வேண்டாமென்றேன். அவற்றில் படியும் தூசியைத் துடைப்பது பெரும்பாடு.

அந்த நீலச் சுவரில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியது. அதற்காக இன்று கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குப் போனோம். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, உலர்த்தி, சாயமேற்றி நெய்யும் பாய் அது. மிக நுண்ணியதைப் பட்டுப்பாய் என்பார்கள். தறியருகே உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நுண்பாயைக் கைக்குட்டைபோல மடித்துக் காட்டியபோது மகள் வாய்விட்டே வியந்தாள். அவள் தேர்ந்தது அதுவல்ல. கோரையின் இயல்பான வைக்கோல் நிறத்தில், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கரை ஓடும், இரண்டடிக்கு நான்கடிப் பாய். அந்தச் சிவப்பு எங்கள் தரையின் சிவப்பு என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

பாயின் மேல்விளிம்பில் மரச்சட்டம் கோத்து, இரண்டே ஆணிகளில் மாட்டியாகிவிட்டது. மேற்குச் சுவர் சுரண்டிய கோலத்தில், சிமென்ட் தெரிய, அப்படியே நிற்கிறது. திரைபோட்டு மறைக்கலாமா என்று கேட்டேன். மூடினால் சுவர் காயாது என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

மீதமிருந்த நீலத்தையும் வெள்ளையையும் சிறு டப்பாக்களில் இறுக மூடிப் பரணில் வைத்தோம். பின்னர் அவள் பென்சிலை எடுத்து, அலமாரிக் கதவின் உட்புறத்தில் இரண்டு வண்ணங்களின் எண்களையும், எத்தனை கை என்பதையும், இன்றைய தேதியையும் எழுதினாள். அதற்குக் கீழே மே மாதத்துக்காக ஒரு வரி இடம் விட்டிருக்கிறாள்.