பருப்பு கடைந்த கை

இங்கிலாந்தின் லீட்ஸில் நாங்கள் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நான் வேலூரில் படித்து, அங்கேயே ஆறு வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான்; என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று ஊரிலிருந்து போனில் சொன்னவர்களை நம்பத்தான் ஆசையாக இருந்தது.

இரண்டு வயதுப் பரிசோதனையில் ஹெல்த் விசிட்டர் (சிறு பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ்) கேள்வித்தாளை நிரப்பிவிட்டு, ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு எழுதி அனுப்பினார். அப்படி அனுப்பிய மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்குள்ள நைஸ் (NICE) அமைப்பின் தர அளவுகோல். எங்கள் முறை வர பதினாறு மாதம் ஆனது. தனியாரிடம் விசாரித்தால், ஸ்பீச் தெரபி என்கிற பேச்சுப் பயிற்சிக்கு மணிக்கு 90 பவுண்டு.

அந்தக் காத்திருப்பில் ஒரு தவறு செய்தோம். "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும்" என்று அவன் போய்வந்த நர்சரியில் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே மாறினோம். "சாப்பிடு கண்ணு" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு "ஈட்" என்பேன். கொஞ்சுவதற்கு எனக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடையாது. அதனால் கொஞ்சுவதே குறைந்துபோனது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று பின்னால்தான் படித்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2024 ஏப்ரலில் இரண்டு மாத லீவு போட்டுக்கொண்டு, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். கொளுத்தும் வெயில். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே காட்டினோம், ஆட்டிசம் என்று உறுதியானது. அழுகை வந்தது. ஆனால் அன்றிரவு பல மாதங்களுக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்து யாரிடம் தெரபிக்குப் போவது? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோதுமையையும் பாலையும் நிறுத்து என்றார் ஒரு சித்தி. சித்தப்பா ஸ்டெம் செல் சிகிச்சை பற்றி ஒரு நோட்டீஸே கொண்டுவந்து கொடுத்தார், பல லட்சம் ஆகுமாம். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்ற உணவை விலக்கும் முறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று நம் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் சொல்லிவிட்டது. சித்தப்பாவிடம் அதை நேராகவே சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆனால் பிள்ளை விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்க்க முடியாது.

முதலில் சேர்த்த மையத்தில் பெற்றோர் வெளியேதான் உட்கார வேண்டும். நாற்பது நிமிஷம் உள்ளே அவன் அழுகிற சத்தம் மட்டும் கேட்கும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். நாலாவது நாள் நிறுத்திவிட்டேன். இரண்டாவது இடத்தில் இருந்த தெரபி அம்மா, முதல் நாளே "சிஸ்டர், நீங்க உள்ள வந்து பாய்ல உக்காருங்க" என்றார். தானாக எதையும் ஆரம்பிக்காமல், நானும் அவனும் விளையாடுவதை என் போனிலேயே பத்து நிமிஷம் வீடியோ எடுத்து, போட்டுக் காட்டினார். அதில் என்னைப் பார்த்தேன். வாய் ஓயவில்லை. "இது என்ன கலர்? இது என்ன? சொல்லு, சொல்லு." அவன் ஒருமுறை தலைதூக்கி என்னைப் பார்க்கிறான், நான் பொம்மையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். "வாரத்துல ரெண்டு மணி நேரம் என்கிட்ட இருப்பான், மிச்ச நேரமெல்லாம் உங்ககிட்டதான்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் திண்ணையில் அவனை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை விரித்துவைத்து, தன் முழங்கையால் பருப்பு கடைய ஆரம்பித்தார். கடைந்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, அப்பாவுக்குக் கொஞ்சம், அம்மாவுக்குக் கொஞ்சம், ஆயாவுக்குக் கொஞ்சம் என்று ஊட்டிவிட்டு, இரண்டு விரலை நண்டாக்கி அவன் கையில் ஏறவிட்டார். முழங்கை மடிப்பு வரை வந்ததும் நண்டு நின்றுவிட்டது. அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். நண்டு நகரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இன்னாத்துக்கும்மா அவசரப்படற? அவனே கேப்பான், இரு" என்றார். அவன் மெதுவாக முகத்தை நிமிர்த்தி ஆயாவின் கண்ணைப் பார்த்தான். நண்டு ஓடிப்போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டியது. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்தார்கள்.

தெரபி அம்மா அந்த விளையாட்டையே பாடமாக்கிவிட்டார். முதலில் பார்வைக்குக் காத்திரு; அப்புறம் சத்தத்துக்கு. தூளியிலும் அதே முறை: ஆட்டிவிட்டு நிறுத்து, காத்திரு. ஆறாவது வாரம் தூளிக்குள்ளிருந்து "ஆத்து" என்றான். ஆட்டு என்கிறான். அவனாகக் கேட்ட முதல் சொல் அது.

லீட்ஸ் திரும்பியதும் வீட்டில் தமிழ் திரும்பியது. ஈ.எச்.சி. பிளான் (பிள்ளைக்குக் கல்வியில் என்னென்ன தனி உதவி தர வேண்டும் என்று எழுதித் தரும் சட்டபூர்வத் திட்டம்) வேண்டும் என்று ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்கு நானே கடிதம் எழுதினேன். பலருக்குத் தெரியாத விஷயம் இது: பள்ளிதான் கேட்க வேண்டும் என்பதில்லை, பெற்றோரே கேட்கலாம், கட்டணம் இல்லை, ஆட்டிசம் சான்றும் கட்டாயமில்லை. மதிப்பீடு செய்வதா என்று ஆறு வாரத்தில் சொல்ல வேண்டும், பிளான் 20 வாரத்தில் கைக்கு வர வேண்டும் என்பது விதி. மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: விசாவில் பொது நிதி கிடையாது, அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று இருந்தால், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஈ.எச்.சி. பிளானுக்கு அந்தத் தடை இல்லை.

இப்போது நர்சரிக்கு மாதம் ஒருமுறை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஸ்பீச் தெரபிஸ்ட் வருகிறார். இளம் பெண், யார்க்‌ஷயர்காரர். இரண்டாவது தடவை வந்தபோது இவன் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம் கூப்பிடப் போனபோது என்னிடம் கேட்டார். செய்து காட்டினேன். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். போன வாரம் கதவருகே நின்று கேட்டேன். "பருப்பூ கடே, பருப்பூ கடே" என்று கடைந்துகொண்டிருந்தார். கோடு போட்ட இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.