வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தபோது

ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாத ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து, கையில் அட்வான்ஸ். சென்னையில் பெரும்பாலான குடித்தனங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் இந்த 11 மாதக் கணக்கு. ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாங்கள் முதலில் குழம்பியதும் அங்கேதான்.

விண்ணப்பம் இணையத்தில்தான். கையெழுத்திட்ட ஒப்பந்தம், இரு தரப்பின் அடையாளச் சான்று, வீடு ஓனருடையது என்பதற்கான ஆவணம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சிக்கல் பெயரில்தான் வரும். வீட்டுவரி ரசீது காலமான அப்பாவின் பெயரில் இருக்கும், ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்துப் போட்டிருப்பார். வாரிசுச் சான்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதிவு என்றாலே ஓனர்கள் தயங்குவார்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்ட முடியாது, வாடகை பாக்கிக்காக வழக்குப் போட்டாலும் அவர்களுக்குத்தான் இழப்பு என்று பொறுமையாகச் சொன்னால் சம்மதிப்பார்கள்.

கையெழுத்துக்கு முன், ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிச் சொல்லும் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். கூடவே 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பு உதவாது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

இடையில் தகராறு வந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

சாதியோ மதமோ கேட்டுவிட்டு "வீடு இல்லை" என்று அனுப்பிவிடுவதை மட்டும் இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. ஒப்பந்தம் ஆன பிறகுதான் இதன் பாதுகாப்பு தொடங்குகிறது. மிகப் பெரிய குறை இது. வலிக்கிற குறையும் கூட.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். அந்தக் கணக்கு தொடங்கும் நாளுக்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். எனவே சாவி கொடுக்கும்போது தேதியும் ஈபி மீட்டர் ரீடிங்கும் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெறும் வீட்டை அறை அறையாகப் படம் எடுத்த பிறகே சாவியை நீட்டுங்கள்.