அப்பா அம்மாவோடு அலாஸ்கா: கப்பலில் போனதுதான் சரி

அலாஸ்காவின் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து வரச் சாலையே கிடையாது. பின்னால் மலையும் பனிவயலும், முன்னால் கடல். விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கடல் வழியாக வர வேண்டும். அலாஸ்காவின் இன்னொரு கடலோர ஊரான கெட்சிகனும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அங்கே அழைத்துப்போக நினைத்தபோது, சியாட்டிலில் கப்பல் ஏறிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கியதோடு சரி, கடைசி நாள் வரை மூட்டை கட்டும் வேலையே இல்லை. தூங்கி எழுந்தால் அடுத்த ஊர். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு இதைவிட வசதியான பயணம் எனக்குத் தெரியவில்லை. வழியில் வரும் ஸ்காக்வே ஊரில் வைட் பாஸ் என்ற மலை ரயில் கப்பல் துறைக்கே வந்து நிற்கிறது. தங்கம் தேடி ஓடியவர்களுக்காக 1898-இல் போடத் தொடங்கிய பாதை அது; இருபதே மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுகிறது. மலை ஏறி இறங்கியது முழுக்க அம்மா ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவில் கப்பல் எங்கும் கரை சேராது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறிவந்து ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். அங்கே மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் மார்ஜரி பனியாற்றின் நீளம் 21 மைல். அதன் கடலோர முனை நீருக்கு மேலே சுமார் 250 அடி உயரச் சுவராக நிற்கிறது. கப்பல் அதன் எதிரே நின்று மெதுவாகத் திரும்பும், இரு பக்கத்தில் இருப்பவர்களும் பார்க்கலாம். பனி உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, இடிச் சத்தம் அப்புறம்தான் வந்து சேர்கிறது. அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

செலவுக்கு வருவோம். அறை, சாப்பாடு, ஊர்விட்டு ஊர் போகும் போக்குவரத்து எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. இதையே விமானம், ஓட்டல் என்று தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தேன், கப்பல்தான் மலிவு. ஆனால் தினசரி டிப்ஸ், வைஃபை, கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் தனி. ஜன்னல் இல்லாத உள்ளறை எடுங்கள், விலை குறைவு. ஜூன் மாதம் அங்கே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. நன்றாகத் தூங்க இருட்டறைதான் நல்லது. சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாள் மாலையே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்குத் தினமும் பருப்பும் சோறும் கிடைத்தன.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே பயணத்தை முடித்தால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தேவைப்படும். அதற்கு நாளாகும், டிக்கெட் எடுக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.