ஓரெழுத்துத் தீவுக்கு நாள் குறித்த கதை

இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நேரசூசி போட்டவள் நான். எட்டுப் பாடவேளை, பதினான்கு வகுப்பு, எப்போது பார்த்தாலும் விடுப்பில் நிற்கும் கணித ஆசிரியர் என்று எதைக் கொடுத்தாலும் கட்டத்துக்குள் அடைத்துவிடுவேன். அந்தத் திமிரில்தான் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரிலுள்ள அக்கா வீட்டில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே, "வரும் சனிக்கிழமை ஒரு தீவுக்குப் போகிறோம்" என்று அறிவித்தேன்.

"எந்தத் தீவு?"

"மாண்டோ."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாண்டோம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உனக்கு வேறு தீவு கிடைக்கவில்லையா?"

கிடைக்காமல் என்ன, இந்த நாட்டில் பெயருள்ள தீவுகளே நானூறுக்கு மேல். பெறாமகள்தான் நடுவில் வந்து மானத்தைக் காப்பாற்றினாள். "சித்தி, அந்த 'ட' எழுதுவதற்கு மட்டும்தான். வாயால் சொல்லும்போது மானோ." டேனிஷ்காரர் எழுதுவதில் பாதியை விழுங்கிவிடுவார்கள் என்று அவள் முன்பே எச்சரித்திருந்தாள். கடைசியில் நிற்கும் 'ஓ'வும் நம் ஓ இல்லை. உதட்டை ஓவுக்குக் குவித்துக்கொண்டு ஏ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்துக்கே டேனிஷில் தீவு என்று பொருள். நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது; பூ, தீ, கை, மை என்று எல்லாம் உண்டு, தீவுக்கு மட்டும் நாம் இரண்டு எழுத்தைச் செலவழித்திருக்கிறோம். நான் நயினாதீவுப் பெண். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மானோவைத் தேர்ந்ததற்கும் அந்தப் பிறந்த ஊர்தான் காரணம். படகு எனக்குப் புதுமை இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்துக் கிடந்தே பாதி வயது போயிற்று. பாலம் போட்ட தீவென்றால் அதைத் தீவென்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. மானோவுக்குப் படகுச் சேவையும் இல்லை, பாலமும் இல்லை. டென்மார்க்கின் பெருநிலமான ஜட்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு எதிரே, ஃபானோ, ரோமோ என்ற தீவுகளுக்கு நடுவில், எட்டுச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு துண்டு நிலம். முப்பது பேரளவில்தான் குடியிருக்கிறார்கள். கரையிலிருந்து அங்கே போகும் சரளைச் சாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். தண்ணீர் வற்றினால் போகலாம், பெருகினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

அத்தான் எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர். ஹேர்னிங்கிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படி வந்து வேரூன்றிய குடும்பங்கள் நிறைய. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் வேலை, வீடு, பிராண்டே அபிராமி அம்மன் கோயில், தமிழ்க் கடை என்றே வாழ்க்கை போயிருக்கிறது. மானோ என்று ஒன்று இருப்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். இதை நான் பெருமையாகச் சொல்ல, அவர் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, "நயினாதீவில் பிறந்த நீ நெடுந்தீவுக்கு எத்தனை தரம் போயிருக்கிறாய்?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயணத் திட்டமென்றால் வழக்கமாக நாளைக் குறித்துவிட்டு மற்றதை அதற்குள் பொருத்துவோம். இங்கே அது தலைகீழ். டென்மார்க் வானிலை நிறுவனம் வற்றுப்பெருக்கு அட்டவணை வெளியிடுகிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ஓதம் என்று எழுதுவதைத்தான் எங்கள் புவியியல் பாடத்தில் வற்றுப்பெருக்கு என்போம். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையில் 12 மணி 25 நிமிடம். அந்த 25 நிமிடம்தான் எல்லாக் கட்டத்தையும் குலைக்கிறது. இரண்டு பெருக்கு சேர்ந்தால் ஒரு நாளும் ஐம்பது நிமிடமும் ஆகிவிடுவதால், இன்று பத்து மணிக்கு நடப்பது நாளை பத்து ஐம்பதுக்கு நடக்கும், மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு. இப்படி ஒரு நேரசூசியை நான் போட்டுக் கொடுத்திருந்தால் அதிபர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

நான் அறிவித்த சனிக்கிழமையில் பெருக்கு சரியாக நடுப்பகலில் விழுந்தது. விடியற்காலையில் போனால் மாலையில்தான் திரும்ப முடியும். அக்கா சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்து, "அன்று ஏகாதசி. எனக்கு விரதம். எப்படியும் வந்திருக்க மாட்டேன்" என்றாள். அவள் போகிற போக்கில் சொன்னதுதான் எனக்குப் பிடி கொடுத்தது. கடலை இழுப்பது நிலவு. திதி என்பதும் நிலவின் கணக்கு. அட்டவணையையும் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கைகோர்த்துக்கொண்டு போகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் பெருகும், அதே அளவுக்கு அதிகம் வற்றும். அடுத்த சனிக்கிழமை பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். வற்று ஏறக்குறைய நண்பகலில் வருகிறது. காலை பத்துக்குக் கடந்து, பிற்பகல் இரண்டரைக்குத் திரும்பலாம். தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் டிராக்டர் பஸ்ஸின் நேரமும் அதற்குத் தக்கபடியே இருந்தது.

"சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம்" என்றாள் அக்கா.

"கடல் அதைப் பார்ப்பதில்லை அக்கா."

சற்று யோசித்தாள். "ஏழரைக்கு வீட்டுப் படி தாண்டிவிட்டால் சரி. அதுதான் கணக்கு."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அட்டவணை சொல்வது பாதிதான். அது நிலவின் வேலையை மட்டும் சொல்கிறது, காற்றைச் சொல்வதில்லை. மேற்குக் காற்று பலமாக வீசினால் வட கடலின் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வற்ற வேண்டிய நேரத்தில் கடல் வற்றாது. கிழக்குக் காற்றென்றால் அட்டவணை சொல்வதைவிடவும் கீழே இறங்கிவிடும். ஆகவே டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதெல்லாம் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை இரவு நாலு தடவை காற்றின் திசையைப் பார்த்தேன். தென்மேற்கு, மெதுவாக. பரவாயில்லை.

போக நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். செப்டெம்பர்தானே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பாதீர்கள். எனக்குப் பெறாமகளின் பழைய பூட்ஸ் கிடைத்தது. கால் உள்ளே தனியாக நடந்துகொண்டிருந்தது.

ஹேர்னிங்கிலிருந்து தெற்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரீபெ நகரைத் தாண்டி இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் வெஸ்தர் வெத்ஸ்தெத் என்ற சிற்றூர். வற்றும்போது சேற்று வெளியாகிவிடும் இந்தக் கரையோரக் கடலுக்கு வாடன் கடல் என்று பெயர்; அதைப் பற்றிய மையம் அங்கேதான் இருக்கிறது. டோர்த்தே மாண்ட்ரூப் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு, 2017இல் திறந்தது. கூரையை மட்டுமல்லாமல் சுவரையும் நாணல் வேய்ந்தே மூடியிருக்கிறார்கள். பனையோலை வேய்ந்த வீட்டில் பிறந்த அத்தான் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்தார். வாடன் கடலின் டேனிஷ் பகுதி 2014இல் உலக மரபுச் சின்னமாகியது. ஜெர்மன், நெதர்லாந்துப் பகுதிகள் அதற்கு முன்பே, 2009இல்.

அத்தானுக்குத் தம் காரிலேயே கடக்க ஓர் ஆசை இருந்தது. சரளைச் சாலையில் கார்கள் போகத்தான் செய்கின்றன. கடலைத் தடுக்கும் கரையோர அணையின் மேல் ஏறிப் பார்த்தோம். ஐந்து கிலோமீட்டருக்கு மேல், ஈரச் சேற்று வெளியின் நடுவே வளைந்து வளைந்து ஒரு கோடு. பள்ளங்களில் உப்புத் தண்ணீர் தேங்கி மின்னியது. ஒவ்வொரு புயலும் சரளையை அள்ளிக்கொண்டு போகுமாம், திரும்பக் கொட்டுகிறார்கள். ஞாயிறுதோறும் தம் கையாலேயே காரைக் கழுவித் துடைக்கும் மனிதர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "டிராக்டரிலேயே போவோம்."

ஆள் உயர டயர்களின் மேல் ஒரு பஸ் பெட்டி; ஏற ஏணிப்படி. அது கடலடி மணலிலேயே இறங்கி ஓடியது. இரு பக்கமும் சாம்பல் நிறச் சமவெளி. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பொட்டுப் பொட்டாக அசைந்தவை பறவைகள். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட வலசைப் பறவைகள் இந்தக் கடலில் இரை தேடித் தங்கிப் போகின்றன. எங்கள் ஊர்க் கடலும் வற்றும், ஆனால் முழங்காலளவு தண்ணீர் கணுக்காலளவு ஆகும், அவ்வளவுதான். கடல் முழுதாக எழுந்து எங்கேயோ போய்விடும் என்பதை நான் பாடத்தில் நடத்தியிருக்கிறேனே தவிர நம்பியிருந்தேன் என்று சொல்ல முடியாது.

தீவில் ஒரே ஓர் ஊர். தாழ்ந்த வீடுகள், ஒரு பழைய காற்றாலை, அணைக்குள் மேயும் செம்மறிகள். ஒரு காலத்தில் ஆண்கள் கப்பலேறிப் போக, வயலையும் வீட்டையும் பெண்களே பார்த்திருக்கிறார்கள். 1639இல் எழுந்து 1727இல் திருத்திக் கட்டிய சிறு தேவாலயத்தில் இருபது பேர் வந்தாலே நிறைந்துவிடும் போலிருந்தது. டென்மார்க்கின் கரையோரத் தேவாலயங்களில் கூரையிலிருந்து சிறு கப்பல் ஒன்றைத் தொங்கவிடுவது வழக்கம். அக்கா பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போய்க் கும்பிட்டாள்.

நான் வந்தது வேறொன்றைப் பார்க்க. அணையின் வெளிப்பக்கம் இறங்கி நூறடி நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் மணல் சுருள்கள். குனிந்து பார்த்தேன். உரலில் பிழிந்து தட்டில் விட்ட இடியப்பம் மாதிரியே, ஒரே பருமனில், இழை மேல் இழையாகச் சுற்றியிருந்தது. மணற்புழுவின் வேலை. தரைக்குக் கீழே வளைந்த குழியில் கிடந்துகொண்டு மணலை விழுங்கும். அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மேலே தள்ளும். விரலால் தொட்டேன், குளிர்ச்சியாக உதிர்ந்தது. ஒரு சாண் தள்ளிச் சின்னக் குழிவு. அது புழுவின் வாய்ப்பக்கம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிதாக ஒரு சுருள் எழும்பி, நெளிந்து, சுற்றி உட்கார்ந்தது. "அக்கா, இங்கே பார், உன் கை பக்குவம்" என்றேன். அவள் பார்த்தாள். அணைச் சரிவில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்ததும் இடியப்பமும் சம்பலும்தான். அத்தானும் நானும் பெறாமகளும் பங்கு போட்டுத் தின்றோம். அக்கா வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குச் சாரதி எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். காற்று மேற்கே திரும்பிவிட்டது, அரை மணி முன்னதாகக் கிளம்புகிறோம் என்றார். என் தாளில் இரண்டரை என்று கோடு கிழித்து எழுதியிருந்தது. அவரிடம் தாள் இல்லை. வெளியே நீண்டு கிடந்த தண்ணீர் விளிம்பைக் கண்ணை இடுக்கி ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். தொலைநோக்கியை எங்கேயோ வைத்துவிட்டு வந்த ஒரு வயதான தம்பதிக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தார். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. நல்லவேளை, அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வரும்போது ஈர மணலாகக் கிடந்த ஓர் ஓடை, திரும்பும்போது சக்கரத்தின் அச்சைத் தொட்டது. தண்ணீர் அலையாக வரவில்லை. பள்ளம் பள்ளமாக நிரம்பி, ஒன்றோடொன்று சத்தமில்லாமல் சேர்ந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், விரல் தடம் பதிகிற அளவுக்கு. கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது சரளைச் சாலை நாலைந்து துண்டாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு துண்டு.

மிச்சமான நேரத்தை ரீபெயில் கழித்தோம். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம் அது. பழைய துறைமுக ஓரத்தில் ஒரு மரத் தூண் நிற்கிறது; ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரத்துக்கு ஒரு வளையம் பூட்டியிருக்கிறார்கள். 1999 டிசம்பர் 3ஆம் தேதிப் புயல், கடல் வற்றியிருந்த நேரத்தில் தாக்கியதால் தப்பித்த கதையை இந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில், 1634 அக்டோபர் 11 இரவின் வளையம். வழக்கமான நீர்மட்டத்துக்கு ஆறு மீட்டர் மேல்.

அக்கா கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தாள்.

"அன்றைக்கு என்ன திதி?" என்றாள்.